பதினாலு மாடு, ஐந்தரை டன் தட்டை: பேரையூர்ப் பக்கம் ஒரு பண்ணை 2017 வறட்சியைக் கடந்த விதம்

2016 வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிய மாதிரி அண்மைக் காலத்தில் எந்த மழையும் ஏமாற்றவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாநிலச் சராசரி 440 மி.மீ. அந்த வருடம் கிடைத்தது 170-க்கும் குறைவு, அதாவது 62 சதவீதம் பற்றாக்குறை. 2017 ஜனவரி 10 அன்று மாநிலத்தின் 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அறிவிப்பு வந்தபோது இந்த ஆய்வில் வரும் பண்ணை தன் பெரிய முடிவை எடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த ஒரு மாதத்தால்தான் இந்தப் பண்ணை பிழைத்தது என்பது என் கருத்து. தீவனம் தேடி அலைந்தது, யூரியா வைக்கோல், டேங்கர் தண்ணீர் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவைதான்.

பண்ணைக்காரர்கள் எனக்குத் தூரத்து உறவு. பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்கள். அண்ணன், மதினி என்றே குறிப்பிடுகிறேன். எண்கள் மதினியின் பால் நோட்டிலிருந்து எடுத்தவை. அண்ணனின் ஞாபகமும் நோட்டும் ஒத்துப்போகாத இடங்களில் நோட்டையே நம்பினேன்.

பண்ணை

மதுரை மாவட்டம் டி.கல்லுப்பட்டிக்கு மேற்கே, வைகைப் பாசனம் எட்டாத பகுதி. மானாவாரிச் சோளமும் பருத்தியும் விளையும் நிலம். நாலு ஏக்கர், ஒரு கிணறு, ஒரு போர். கிணறு புரட்டாசியிலேயே தரை தட்டிவிட்டது. போரில் காலையில் முக்கால் மணி நேரம் தண்ணீர் வரும், பிறகு காற்றுதான்.

மாடுகள் மொத்தம் 14. கறவையில் ஆறு: நாலு ஜெர்சி கலப்பு, இரண்டு ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டைன் ஃப்ரீசியன்) கலப்பு. பால் வற்றிய நாலு மாதச் சினைமாடு இரண்டு, கிடாரி மூன்று, காளங்கன்று இரண்டு. பதினாலாவது, அண்ணனின் அம்மா பிடிவாதமாக வைத்திருந்த மயிலைப் பசு. புளியகுளம் இனம். ஒன்றரை லிட்டருக்கு மேல் கறக்காது, புது ஆள் கிட்டே போனால் உதைக்கும். கோ-4 என்ற தீவனப் புல் அரை ஏக்கரில் இருந்தது. வாரம் ஒரு தண்ணீர் கேட்கும் புல் அது, ஐப்பசியிலேயே கருகிவிட்டது. ஓரத்தில் நாலைந்து வரிசை கோ எஃப்.எஸ்.-29 தீவனச் சோளமும் இருந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஆடியில் விதைத்த மானாவாரிச் சோளம் முழங்கால் உயரத்தில் நின்று வாடத் தொடங்கியதும், மாடுகளை அப்படியே உள்ளே விட்டு மேய்த்துவிடலாம் என்று அண்ணன் நினைத்தார். நல்லவேளை, விடவில்லை. வாடிய இளஞ்சோளத்தில் ஹைட்ரோசயனிக் அமிலம் ஏறிக்கிடக்கும். பசியோடு போகும் மாடு வயிறு நிறையத் தின்றால் அரை மணி நேரத்தில் விழுந்துவிடும். அறுத்து நன்றாகக் காயவைத்தால் அந்த நஞ்சு பெருமளவு குறையும். நைட்ரேட் மட்டும் காய்ந்தாலும் போகாது, அது அடித்தண்டில்தான் அதிகம். அதனால் அடியில் அரை அடி விட்டு அறுத்துக் காயவைத்து, அந்தத் தட்டையைப் படப்பு போட்டார்கள். முந்தின வருட வைக்கோலும் சேர்த்து ஐந்தரை டன் தேறியது.

கார்த்திகையில் போட்ட கணக்கு

டிசம்பர் முதல் வாரம் மதினி ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. கன்று, கிடாரியைப் பாதி மாடு என்று வைத்தால் 14 உருப்படியும் பதினொன்றரைப் பெரிய மாட்டுக்குச் சமம். 350 கிலோ எடையுள்ள மாட்டுக்கு உலர்பொருள் கணக்கில், அதாவது ஈரம் நீக்கிய எடையில், தினம் ஒன்பது, பத்து கிலோ வேண்டும். அடர்தீவனம் (புண்ணாக்கு, தவிடு போன்றவை) போக ஆறரைக் கிலோ தட்டையோ வைக்கோலோ தந்தாக வேண்டும். ஆக ஒரு நாளைக்கு 75 கிலோ. ஐந்தரை டன் 73 நாளுக்கு வரும். மாசி மாதப் பிறப்போடு படப்பு காலி.

அடுத்த பசுந்தீவனம் எப்போது? நல்ல மழை ஆவணியில் வந்தால்கூட அறுக்கப் புரட்டாசி ஆகும். 300 நாள் என்று வைத்தால் இருபத்திரண்டரை டன் வேண்டும். கையில் இருப்பது அதில் கால்வாசி. மீதி 17 டன்னை விலைக்கு வாங்க இந்தக் குடும்பத்தால் முடியாது என்று அவர்களுக்கே தெரியும்.

இந்தக் கணக்கில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஆனாலும் ஊரில் யாரும் போடவில்லை. மாட்டுக்காரர்களிடம் கேட்டால் “இன்னும் ஒரு மழை இருக்கு” என்பார்கள். கார்த்திகையில் பெய்யாதா, மார்கழியில் ஒரு புயலாவது வராதா என்ற நம்பிக்கை. அந்த வருடம் டிசம்பர் 12-ல் வர்தா புயலும் வந்தது. சென்னைப் பக்கம் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது, பேரையூருக்கு அதனால் பயன் ஏதும் இல்லை.

“ஏங்க, மானத்தைப் பாக்காதீங்க, படப்பைப் பாருங்க” என்று மதினி சொன்னதாக அண்ணனே சொன்னார், கொஞ்சம் எரிச்சலோடு. பாதி மாட்டை இப்போதே விற்றுவிட வேண்டும் என்பது அவர் கட்சி. அண்ணன் மறுத்ததிலும் நியாயம் இருந்தது. நவம்பர் 8-ல் ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். சந்தையில் வியாபாரி கையில் புதுப் பணம் இல்லை. 38 ஆயிரத்துக்குப் போகும் ஜெர்சி கலப்பு மாட்டை 26-க்குக் கேட்டார்கள், அதிலும் பாதி பழைய நோட்டு, மீதி தைக்குப் பிறகு. “தை பொறக்கட்டும், நோட்டுப் பிரச்சினை தீரட்டும், நல்ல விலைக்குக் கொடுப்போம்” என்றார் அண்ணன்.

நான்கு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. அப்புறம் மதினி வேறொரு எண்ணைக் காட்டினார்: தை முடிய 14 மாடும் தின்னும் தட்டை நாலரை டன்னுக்கு மேல். தையில் மாட்டுக்கு நல்ல விலையே கிடைத்தாலும் அந்தத் தட்டையைத் திரும்ப வாங்க வழி இருக்காது. மேலும் மெலிந்த மாட்டை யார் நல்ல விலைக்குக் கேட்பார்? அதற்கு அண்ணனிடம் பதில் இல்லை.

எதை விற்பது

வழக்கமாக இந்த ஊரில் பால் குறைந்த மாட்டை விற்று, கூடுதலாகக் கறப்பதை வைத்துக்கொள்வார்கள். இவர்கள் பாதி அப்படியும் பாதி தலைகீழாகவும் செய்தார்கள். முதலில் போனது 14 லிட்டர் கறந்த இரண்டு ஹெச்.எஃப். மாடுகள். பால் அதிகம், தீனியும் தண்ணீரும் அதைவிட அதிகம். மதுரைப் பக்கத்துச் சித்திரை வெயிலில் நாக்கைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்கும். அதோடு, சந்தையில் அந்த நேரத்திலும் விலை சொல்லக்கூடிய மாடுகள் அவைதான். அடுத்து ஈத்து அதிகமான ஜெர்சி இரண்டு, காளங்கன்று இரண்டு, கிடாரி ஒன்று.

தங்கியவை ஏழு: புதிதாக ஈன்ற ஜெர்சி இரண்டு, சினைமாடு இரண்டு, கிடாரி இரண்டு, மயிலை. மயிலையை விற்கலாம் என்றுதான் அண்ணனும் மதினியும் சேர்ந்து நினைத்தார்கள், வீட்டில் அம்மா விடவில்லை. பிறகு பார்த்தால் ஏழில் மிகக் குறைந்த செலவு அதற்குத்தான். கரட்டில் காலையில் விட்டால் எதையோ கடித்து வயிற்றை நிரப்பிக்கொண்டு பொழுதோடு வந்துவிடும். கிடை போட்டு மேய்ந்து வளர்ந்த இனம் அது, கட்டுத்தரையில் நின்று புண்ணாக்கு தின்று பழகியதில்லை.

சினைமாட்டை வைத்துக்கொண்ட காரணம் தெளிவு. வைகாசி வாக்கில் ஈனும், மழை வரும்போது பாலில் இருக்கும். சினையின் நடுப்பகுதியில் மாட்டுக்குத் தீனித் தேவையும் குறைவு. கடைசி இரண்டு மாதம்தான் கஷ்டம், அது பங்குனி சித்திரையில் வந்து விழும் என்பதையும் தெரிந்தே வைத்துக்கொண்டார்கள்.

பணம் முழுவதையும் வங்கிக் கணக்கில்தான் வாங்கவேண்டும் என்று மதினி நின்றார். அதற்காக ஒரு மாட்டில் இரண்டாயிரம் விட்டுக்கொடுத்தார்கள். மொத்தம் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குச் சற்று மேலே. அதில் முதல் செலவு நாலு டன் வைக்கோல். டிசம்பர் விலையில், எடை போட்டு வாங்கியது. எடை முக்கியம்: உருளைக் கட்டு ஒன்று இத்தனை ரூபாய் என்று விற்பார்கள், ஒரு கட்டு 15 கிலோ இருக்கும், இன்னொன்று 11 கிலோ இருக்கும். ஏழு மாட்டுக்கு நாளைக்கு 40 கிலோ, 300 நாளுக்கு 12 டன். கையில் ஒன்பதரை ஆயிற்று. மீதி இரண்டரை டன்னைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற தெம்பு வந்தது.

தீவனத்தை நீட்டியது

தட்டையை முழுசாகப் போட்டால் நுனியைத் தின்றுவிட்டு அடித்தண்டை மிதித்துத் தள்ளும். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வெட்டுக்கருவியை வாடகைக்கு எடுத்து நறுக்கிப் போட்டார்கள். காலடியில் போகும் கழிவு கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தது.

வைக்கோலில் புரதம் மிகக் குறைவு, 3, 4 சதவீதம். திருப்பரங்குன்றத்தில் இருக்கும் கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் சொல்லித் தரும் யூரியா முறையை இவர்கள் மாசியிலிருந்து செய்தார்கள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, அதைக் கரைக்க 50 லிட்டர் தண்ணீர். அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள். திறந்ததும் கண் எரியும். ஒரு நாளுக்கு வேண்டியதை மட்டும் எடுத்து உலரவிட்டுப் போடவேண்டும். புரதம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், வைக்கோலும் மிருதுவாகும். முதல் இரண்டு நாள் மாடுகள் முகர்ந்துவிட்டு விலகின. சாதா வைக்கோலோடு கலந்து, வெல்லத் தண்ணீர் தெளித்த பிறகு பழகிக்கொண்டன. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இதைக் கொடுக்கக் கூடாது. கரைத்த யூரியாத் தண்ணீர் வாளியை மாட்டுக்கு எட்டுகிற இடத்தில் ஒரு நிமிஷம்கூட வைக்கக் கூடாது, குடித்தால் சாவுதான். மதினி அந்த வேலையை மாடு மேய்ச்சலுக்குப் போன பிறகே வைத்துக்கொண்டார்.

அரசின் உலர்தீவனக் கிடங்கு திறந்த பிறகு கிலோ 2 ரூபாய்க்கு, மாடு ஒன்றுக்கு நாளைக்கு 3 கிலோ வீதம் ஐந்து மாட்டுக்குக் கிடைத்தது. வாரத்துக்கு 105 கிலோ. வெளியில் அப்போது 9, 10 ரூபாய். இவர்களுக்கு அது உண்மையான உதவி, ஏனென்றால் தேவையே 40 கிலோதான். பதினாலு மாட்டோடு நின்றிருந்தால் அந்த 15 கிலோ எந்த மூலைக்கு?

அசோலா (தண்ணீரில் மிதந்து வளரும் சிறு செடி), மண்ணில்லாத் தீவனம் இரண்டையும் பற்றி ஒரு வார்த்தை. அந்த வருடம் ஊருக்கு ஊர் இதைத்தான் பேசினார்கள். அசோலாத் தொட்டியைச் சித்திரை வெயிலில் காப்பாற்ற நிழல் வலையும் தினமும் தண்ணீரும் வேண்டும். கிடைப்பது ஒரு தொட்டிக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ. அதுவும் பெரும்பாலும் தண்ணீர். கோழிக்குப் போடலாம். மண்ணில்லா முளைத்தீவனத்தில் ஒரு கிலோ மக்காச்சோளம் ஐந்தாறு கிலோ பசுமையாகிறது என்று காட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். கூடிய எடை முழுக்கத் தண்ணீர். உலர்பொருள் கணக்கில் போட்ட விதையைவிடச் சற்றுக் குறைவாகத்தான் திரும்பி வரும். தண்ணீரே இல்லாத பண்ணையில் தீவனத்துக்கு இது பதிலாகாது. சோழவந்தான் பக்கமிருந்து வாழைத்தண்டு ஏற்றிவந்த ஒரு லோடும் அதே கதைதான்: 100 கிலோ தண்டில் உலர்பொருள் ஆறேழு கிலோ இருந்தால் அதிகம். லாரி வாடகை கொடுத்துத் தண்ணீர் ஏற்றி வந்த மாதிரி ஆயிற்று.

சீமைக்கருவேலங்காய் வேறு விஷயம். பங்குனி முதல் காய் உதிரும், இனிப்பு, மாடு விரும்பித் தின்னும். முழுசாகப் போட்டால் கொட்டை சாணியில் அப்படியே வந்து தொழுவைச் சுற்றி முளைக்கும். காயவைத்து மில்லில் அரைத்து அடர்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு கலந்தார்கள். அதற்கு மேல் போனால் வயிறு கெடும். வேடிக்கை என்னவென்றால், உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி தென்மாவட்டங்கள் முழுக்கச் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஜேசிபி வருவதற்குள் மதினி சாக்கோடு போய்ப் பொறுக்கிவிடுவார்.

பச்சை என்று கொஞ்சம் கிடைத்ததெல்லாம் அகத்தி, வாகை, கிளைரிசிடியா இலைகள்தான். ஏழு மாட்டுக்கும் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு கைப்பிடி. அப்படிப் பங்கிடாமல் சினைமாடு இரண்டுக்கு மட்டும் தினம் இரண்டு மூன்று கிலோ கொடுத்தார்கள். மாதக்கணக்கில் காய்ந்த தீவனம் மட்டும் தின்ற மாட்டுக்கு வைட்டமின் ஏ தீர்ந்துபோகும். கன்று கண் தெரியாமலோ நோஞ்சானாகவோ பிறக்கும். தாது உப்புக் கலவையையும் அந்த இரண்டுக்கு நிறுத்தவே இல்லை.

பால், தண்ணீர்

அப்போது ஆவின் கொள்முதல் விலை பசும்பாலுக்கு லிட்டர் 28 ரூபாய். தீனி குறைந்த மாட்டில் அளவு மட்டுமல்ல, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) அளவும் விழும், சொசைட்டியில் கையில் வருவது 25, 26 ஆகும். இரண்டு ஜெர்சியும் டிசம்பரில் 17 லிட்டர் கறந்தன, மே மாதம் 10 லிட்டர். கணக்குப் பார்த்தால் ஐந்து லிட்டர் கறக்கும் மாட்டின் வரவு 130 ரூபாய், அதன் தீனி விலைக்கு வாங்கியதாகப் பார்த்தால் அதற்கும் மேலே. ஏப்ரலில் முழு மந்தையோடு நின்ற பக்கத்துப் பண்ணைகளில் பால்காசு தீவனக் கடைக்கே போதவில்லை.

தண்ணீர் தனிக் கஷ்டம். ஒரு மாட்டுக்கு வெயில் காலத்தில் 50, 60 லிட்டர், கறவைக்கு இன்னும் கூட. போர் காலையில் தந்தது குடிக்கச் சரியாக இருந்தது. கழுவ, யூரியா கரைக்க டேங்கர். கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் தென்னங்கீற்றைப் பரப்பினார்கள். தீனியைப் பொழுது சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்பும் மட்டும் வைத்தார்கள், பகல் வெயிலில் தின்றால் உடம்புச் சூடு கூடும் என்பதால்.

ஏப்ரலில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஜெர்சி கலப்பு ஒன்றை 14 ஆயிரத்துக்குக் கொடுத்தார். நாலு மாதத்துக்கு முன் அண்ணன் 26-க்கு மனசில்லாமல் கொடுத்த அதே தரத்து மாடு. மே 23-ல் சந்தையில் இறைச்சிக்கு மாடு விற்பதைத் தடுக்கும் மத்திய அரசின் விதி வந்தது. 30-ஆம் தேதி மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை போட்டது. ஆனாலும் அந்த ஒரு வாரமும் அடுத்த சில வாரமும் தரகர்கள் பயந்து ஒதுங்கிவிட்டார்கள். கிழட்டு மாடு, மலட்டு மாடு வைத்திருந்தவர்களுக்குக் கேட்க ஆளில்லை.

மழை வந்த பிறகு

சினைமாடு இரண்டும் வைகாசியில் நல்லபடியாக ஈன்றன, இரண்டும் கிடாரிக் கன்று. ஆவணியில் மழை கிடைத்தது. வறட்சி முடிந்தது என்று எல்லோரும் மூச்சு விட்ட நேரத்தில்தான் பண்ணைக்கு ஒரே சாவு வந்தது.

கோ எஃப்.எஸ்.-29 மறுதாம்பில், அதாவது அறுத்த தூரிலிருந்தே, வளரும் சோளம். கருகிக் கிடந்த தூரில் வேர் சாகவில்லை. மழை பெய்து மூன்று வாரத்தில் முழங்கால் உயரம் பச்சைப்பசேல் என்று கிளம்பியது. வறண்டு கிடந்து திடீரென்று துளிர்க்கும் இளஞ்சோளத்தில்தான் நஞ்சு மிக அதிகம். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், வேலியும் போட்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் கிடாரி ஒன்றும் ஜெர்சி ஒன்றும் கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டன. ஒன்பது மாதமாகப் பச்சையைக் காணாத மாடு நிதானமாகவா தின்னும்? பார்த்து ஓட்டுவதற்குள் கிடாரி தள்ளாடி விழுந்தது. வாயில் நுரை, மூச்சுத் திணறல், ஈறு செக்கச்செவேல் என்று இருந்தது. டாக்டர் வந்து சேர்வதற்குள் போய்விட்டது. ஜெர்சிக்குச் சோடியம் நைட்ரைட்டும் தையோசல்பேட்டும் நரம்பில் போட்டார், இரவுக்குள் எழுந்து நின்றது.

இதற்கு முறை எளிது: அந்தச் சோளத்தைப் பூக்கும் வரை விடவேண்டும், அல்லது முளைவிட்டவுடன் உழுது போடவேண்டும். இப்போது மானாவாரியில் கொழுக்கட்டைப் புல்லும் வரப்பில் வேலிமசாலும்தான் போட்டிருக்கிறார்கள். சோளத்தை அறுத்துக் காயவைத்த பிறகே கொட்டகைக்குள் விடுகிறார் மதினி.

வரவு செலவு

2017 டிசம்பரில் பண்ணையில் எட்டு உருப்படி: நாலு கறவை, ஒரு கிடாரி, இரண்டு கன்று, மயிலை. பால் நாளுக்கு 31 லிட்டர். முந்தின வருடத்தைவிட வெகு குறைவு. வெளிக்கடன் இல்லை. மாடு விற்ற பணத்தில் தீவனமும் டேங்கரும் போக 40 ஆயிரம் கணக்கில் மிச்சம். அதே சாலையில் 10 மாட்டுக்கு மேல் வைத்திருந்த இரண்டு பண்ணைகள் கொட்டகையை வாடகைக்கு விட்டுவிட்டன.

நோட்டில் ஏறாத நஷ்டம் ஒன்று உண்டு. பிழைத்த கிடாரி தீனிக் குறைவால் பருவத்துக்கு வருவது ஓராண்டு தள்ளிப்போனது. 2018 மாசியில்தான் முதல் சினை ஊசி. ஒரு ஈத்துப் பால் முழுசாகப் போயிற்று. கிடாரிகளுக்கு மாசி பங்குனியில் தினம் ஒரு கிலோ அடர்தீவனம் கூடப் போட்டிருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம் என்று நினைக்கிறேன். அந்தக் காசைச் சினைமாட்டுக்கு ஒதுக்கியதுதான் சரி என்கிறார் மதினி. அண்ணனைக் கேட்டால், அந்த 14 லிட்டர் ஹெச்.எஃப். இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்கலாம் என்று இன்றைக்கும் சொல்கிறார்.